மண்ணின் வரியும் மண்ணின் மொழியும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தமிழுணர்வாளர்களிடை நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வரியைப் பற்றிய பேச்சு வணிகர்க்கும் அவர்தம் கணக்கர்க்கும் உரியது என்று ஒதுங்கிப் போகும் வழக்கம் தமிழுணர்வாளரிடையே உள்ளது. மொழிக்காப்பு ஒருபுறம், வரியும் விலையும் வரவு செலவும் மற்றொரு புறம் என்று பிரித்துப் பார்த்தே பழகிவிட்டனர். இப்பிரிவினை தவறானது. ஓர் இனத்தின் கையிலிருந்து முதலில் அதன் கணக்குப் போகிறது. கணக்குப் போனபின் அதன் மொழி அலுவலகத்தை விட்டுப் போகிறது. மொழியும் போனபின், ஆட்சி போனது கூடத் தெரியாமற் போகிறது. இதற்கு வேறெங்கும் சென்று சான்று தேட வேண்டா. பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்த இந்த மண்ணே போதும்.

தன் வரிக்குத் தானே பெயரிட்ட இனம்

இறை, திறை, உல்கு, ஆயம், புரவு, கடமை, குடிமை ஆகிய இத்தனை சொற்களும் தமிழன் வரிக்கு வைத்த பெயர்கள். உல்கு என்னும் சொல் திருக்குறளிலேயே உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டு உல்கு பெற்றதைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. சோழராட்சியில் வரிக்கெனத் தனித் துறையே இருந்தது. அதன் பெயர் புரவுவரித் திணைக்களம். அதன் பதிவேடு வரிப்பொத்தகம். ஒரு நிலத்தின் இறை இவ்வளவு என்று அதில் ஏற்றுவது வரியிலிடுதல். முகவெட்டி, பட்டோலை என அதன் அலுவலர்க்கும் ஆவணத்திற்கும் தமிழிலேயே பெயர்கள் இருந்தன.

அந்தப் பேரரசு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் தலைநகராகக் கொண்ட கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. அங்கிருந்து ஆண்ட முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பது சிறப்புப் பெயராயிற்று. கடலையும் நாட்டையும் வென்றதனாற் பெற்ற பெயர்கள் மன்னர்க்குப் பல உண்டு. வரியை நீக்கியதனாற் பெற்ற பெயர் இது ஒன்றுதான் மக்கள் நாவில் நின்றது.

சோழர் வரி மென்மையானது என்று புகழ்வதற்காக இவை கூறப்படவில்லை. இறை இறுக்காதவனின் நிலம் விற்கப்பட்டதற்கும் கல்வெட்டுகளே சான்று. ஆயினும் கொடுத்தவனுக்கு எதற்குக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பது அவன் மொழியிலேயே தெரிந்திருந்தது. கோவிற் சுவரில் வெட்டப்பட்ட கணக்கை ஊரார் தம் மொழியிற் கேட்டறிய முடிந்தது. அந்த நிலை இன்று இருக்கிறதா என்பதே வினா.

கணக்கர் அறிந்த செய்தி

பெரம்பலூர்க் கடைத்தெருவிலும் அரியலூர்க் கடைத்தெருவிலும், சிறு அறைகளிற் கணினி முன் அமர்ந்து வணிகர்க்கு வரிக்கணக்கு எழுதித் தரும் கணக்கர்கள் உளர். பட்டயம் பெற்றவராயினும் பெறாதவராயினும் ஊரார் அவர்களை 'ஆடிட்டர்' என்றே அழைக்கின்றனர். மக்காச்சோளம் வாங்கி விற்பவர், பருத்தி வணிகர், சின்ன வெங்காய மண்டிக்காரர், இரும்புக்கடைக்காரர், சரக்குந்து உடையவர் என யாவரும் தம் பற்றுச்சீட்டுக் கட்டோடு அவரிடமே செல்கின்றனர்.

சரக்கு–பணி வரி 2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைத்தெருவில் அதன் பெயர் 'சி.எசு.டி.' என்னும் மூன்றெழுத்து. தாம் கட்டும் வரியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தெரிந்த வணிகர் பலர். அதன் பொருளைச் சொல்லத் தெரிந்தவர் சிலர். திங்கள்தோறும் கணக்குக் காட்டுவோர் 11ஆம் நாளுக்குள் விற்பனைக் கணக்கும் 20ஆம் நாளுக்குள் வரிக் கணக்கும் ஏற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 உருபா தண்டம். அத்திங்களில் ஒரு பொருளும் விற்கவில்லை என்றாலும், 'விற்கவில்லை' என்று எழுதித் தராத குற்றத்திற்கு நாளொன்றுக்கு 20 உருபா தண்டம். கடையைப் பூட்டிவிட்டு நோயில் கிடந்தவனுக்கும் இத்தண்டம் உண்டு.

இன்னொன்றும் கணக்கர் அறிவார். ஒரு வணிகர் மொத்த வணிகரிடம் சரக்கு வாங்குகிறார். வரியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். வாங்கிய மொத்த வணிகர் அதை அரசுக்குக் கட்டாமலோ கணக்கில் ஏற்றாமலோ விட்டால், கொடுத்தவருக்கு வரவேண்டிய வரிக் கழிவு மறுக்கப்படுகிறது. ஒருவன் செய்த பிழைக்கு மற்றொருவன் மறுமுறையும் கட்ட வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றினும் கொடியது அறிவிக்கையின் செய்தி. பழைய விற்பனை வரிக் காலத்தில் ஓலை ஆள்வழி வந்தது, அஞ்சலில் வந்தது. கையெழுத்திட்டு வாங்கியவனுக்கு ஏதோ வந்திருக்கிறது என்றாவது தெரியும். இன்று அது இணையத் தளத்தின் ஒரு மூலையில், ஆங்கிலத்தில் ஏற்றப்படுகிறது. வணிகர் அதைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் படிக்க இயல்வதில்லை. நாள் கடந்ததும் எதிர்ப்பக்கம் இல்லாமலே ஆணை பிறக்கிறது. வைப்பகக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே பலர்க்குச் செய்தி தெரிகிறது. இவ்வாறு சென்னை உயர் நயன்மன்றத்தின் வாயிலுக்கு ஓடிய வணிகர் பலர். தளத்தில் மட்டும் ஏற்றிய அறிவிக்கையைக் காணவில்லை என்று அவர்கள் முறையிட்ட வழக்குகள் பலவற்றில், வழக்கிலுள்ள வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி அம்மன்றம் மறுவாய்ப்பு அளித்துள்ளது. உயர் நயன்மன்றம் வரை செல்ல இயலாத சிறு வணிகர்க்கு யார் மறுவாய்ப்பு அளிப்பது?

கணக்கர் வரியே கூடாது என்பவர் அல்லர். சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொருள் வேண்டும் என்பதை அவர் அறிவார். வரி ஏய்ப்பவனையும் அவரே நன்கறிவார். அவர் சொல்வது இது: கட்டுகிறவன் படித்தறிய முடியாத வரியில், கட்டுகிறவன் எப்போதும் குற்றவாளியாகவே நிற்கிறான்.

2019 சூலை 5ஆம் நாள் தில்லி நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படித்த ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடிய பாட்டை எடுத்துரைத்தார். வயலுள் தானே புகுந்த யானை உண்பதைவிட மிதித்துக் கெடுப்பது மிகுதி என்று வேந்தனுக்கு வரிமுறை உணர்த்திய பாட்டு அது. பாட்டைத் தமிழிற் சொன்ன அரசு, வரியைத் தமிழிற் சொல்லவில்லை. தமிழ், அவையில் அணிகலனாக ஏற்கப்படுகிறது. அலுவலில் ஆளுமையாக ஏற்கப்படுவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவு, சட்டங்களின் அதிகாரமுள்ள வடிவம் ஆங்கிலமே என்கிறது. தமிழைச் சென்னை உயர் நயன்மன்றத்தின் மொழியாக்கக் கோரித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் நிறைவேற்றிய தீர்மானமும் ஏற்கப்படவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை நீக்கி, 2026 ஏப்பிரல் 1ஐ நடைமுறை நாளாகக் கொண்டு 2025இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். மொழியை எளிமையாக்குவதே அதன் நோக்கம் என்றார்கள். எளிமையாக்கப்பட்டது ஆங்கிலம்.

ஆடுதுறைக் கல்வெட்டு சொல்லும் பாடம்

கணக்கு எழுதுகிறவனின் ஆற்றல் என்ன என்பதை இம்மண் ஒருமுறை உலகுக்குக் காட்டியது. ஆண்டு 1429. விசயநகரத்து இரண்டாம் தேவராயரின் ஆட்சிக் காலம். அரச அலுவலரும், அவரோடு சேர்ந்த பார்ப்பன, வெள்ளாள நிலவுரிமையாளரும் மிகுவரி தண்டி உழுவோரையும் தொழிலாளரையும் வருத்தினர். அதுவரை தம்முள் மோதிக்கொண்டிருந்த வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் ஒன்றுகூடின. எந்த விளைவுக்கு எவ்வளவு வரி என்று தாமே வரையறுத்தன. பெரம்பலூர்ப் பகுதியிலுள்ள ஆடுதுறை, திருமுதுகுன்றம், கொறுக்கை முதலிய ஊர்க் கோவில்களில் அவற்றின் முடிவைக் கல்லில் வெட்டி வைத்தனர். சப்பானிய அறிஞர் நொபோரு கராசிமாவும் அறிஞர் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளை ஆய்ந்து உலகறியச் செய்தனர்.

அந்த முடிவுகளுள் ஒன்று இங்கே எண்ணத்தக்கது. கொடுமை செய்தோர்க்கு எவரும் புகலிடம் தரக்கூடாது என்றதோடு, அவர்களுக்கு இம்மண்ணிற் பிறந்த எவரும் கணக்கு எழுதக்கூடாது என்றும் விதித்தனர்.

வாளை ஒழித்தால் மற்றொரு வாள் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கணக்கை மறுத்தால் வரி தண்டுவதே இயலாது என்பதையும் அறிந்திருந்தனர். இதில் மறைக்கக் கூடாத மற்றோர் உண்மையும் உண்டு. கொடுமை செய்த பக்கத்தில் தமிழ் நிலக்கிழாரும் இருந்தனர். அயலான் ஆட்சி என்றும் உள்ளூர்க் கை இல்லாமல் நடந்ததில்லை. இன்று எவரும் கணக்கெழுத மறுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. கணக்கைத் தெரிந்துகொள்ளும் உரிமையும், கணக்கைக் கேட்கும் உரிமையும் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல என்பதே பொருள்.

1939இல் பிறந்த வரி, 2017இல் போன வரி

விற்பனை வரி சென்னை மாகாணத்திற் பிறந்தது. 1939இல் இராசாசி அமைச்சரவை அதைச் சட்டமாக்கியது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அதே அமைச்சரவைதான். இந்தியை எதிர்த்து நின்ற தமிழினம், அந்த விற்பனை வரியின் நோக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மதுவிலக்கால் அரசு இழந்த வருவாயை ஈடுசெய்யவே அவ்வரி கொணரப்பட்டது. கள்ளும் சாராயமும் தரும் பணம் வேண்டா. அதற்கு மாற்றாக வணிகம் தரும் பணம் போதும் என்ற நோக்கு அதில் இருந்தது.

எழுபத்தெட்டு ஆண்டுகள் அவ்வரியை இம்மண்ணே விதித்தது, இம்மண்ணே குறைத்தது, கூட்டியது. 1959இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. 2007 சனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. எதுவாயினும் சட்டமன்றத்தில் ஒருவன் எழுந்து கேட்கலாம். அமைச்சர் விடை சொல்லியாக வேண்டும். 2016இல் நிறைவேறிய 101ஆம் அரசமைப்புத் திருத்தம் அந்த உரிமையை ஒரு மன்றத்திடம் கொடுத்துவிட்டது. அம்மன்றத்தில் வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு தில்லிக்கு. மூன்றில் இரு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குத் தெரிந்தவன் இதைக் கூட்டிப் பார்க்கட்டும். எல்லா மாநிலங்களும் ஒன்றாய் நின்று கை தூக்கினாலும் மூன்றில் இரு பங்குதான் வரும், முடிவுக்குப் போதாது. தில்லி வேண்டாவெனில் ஒன்றும் நடவாது. ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட தமிழ்நாட்டிற்கும், சில இலக்கம் மக்களே வாழும் சிறு மாநிலத்திற்கும் அங்கே ஒரே மதிப்பு.

இம்மன்றத்தின் பரிந்துரைகள் எவரையும் கட்டுப்படுத்தா என்று உச்ச நயன்மன்றம் 2022 மே 19ஆம் நாள் தீர்ப்பளித்தது. தாளில் உரிமை திரும்பிற்று. நடப்பில் எந்த மாநிலமும் தனி வழி போக இயலாதவாறு வரியின் அமைப்பே பின்னப்பட்டிருக்கிறது. ஐந்தாண்டுக்குத் தருவதாகச் சொன்ன இழப்பீடும் 2022 சூன் 30உடன் முடிந்தது.

மாநிலத்தின் கையில் எஞ்சியவை யாவை? கல்நெய், ஊர்திகள், ஆவணப் பதிவு, மது ஆகியவையே பெரியவை. மதுவின் பணத்தை விடுவதற்காகப் பிறந்த விற்பனை வரி தில்லி மன்றத்திற்குப் போயிற்று. எந்த மதுவை விட வேண்டும் என்றார்களோ அந்த மது இங்கே வருவாயாக நிலைத்தது. தமிழ்க் குடும்பங்களைக் கெடுக்கும் மதுக்கடைகளுக்கு இங்குள்ள அரசுகள் பொறுப்பேற்கத்தான் வேண்டும். அதில் விலக்கு இல்லை. ஆயினும் வேறு வழிகளை ஒவ்வொன்றாய் அடைத்த கை எது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரியலூரின் கல்

அடுத்து, அரியலூர் மண்ணுக்கே உரிய செய்தி.

ஒரு காலத்தில் கடலாய் இருந்த நிலம் இது. அக்கடலின் சிப்பியும் நத்தையும் படிந்து இறுகியதே இங்குள்ள சுண்ணாம்புக்கல். அதனாலேயே கோவிந்தபுரத்திலும் இரெட்டிப்பாளையத்திலும் தளவாயிலும் கீழப்பழுவூரிலும் தாமரைக்குளத்திலும் பைஞ்சுதை என்னும் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. அரசின் ஆலை 1979இல் அரியலூரில் தொடங்கியது. அருகிலுள்ள கல்லக்குடியின் பெயரை டால்மியாபுரம் ஆக்கியதை எதிர்த்து 1953 சூலை 15இல் தண்டவாளத்தில் தலை வைத்துக் கலைஞர் கருணாநிதி சிறை சென்றதைத் தமிழர் மறந்திலர். ஊரின் பெயரை ஆலை முதலாளி எடுத்துக்கொள்வதை இந்த மண் பொறுக்கவில்லை. ஊரின் கல்லை எடுத்துக்கொள்வதைப் பற்றி அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

கீழப்பழுவூர் என்றதும் தமிழர் நெஞ்சில் எழும் பெயர் சின்னசாமி. இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சியில் தன் உடலுக்குத் தீ மூட்டிக்கொண்ட ஈகி அவர். அவர் பிறந்த ஊரின் மண்ணிலிருந்து எடுக்கப்படும் கல்லுக்கு உரிய வரியை யார் விதிப்பது என்ற வழக்கு, அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்தே முடிவுக்கு வந்தது.

அவ்வழக்கின் கதை இது. சுரங்கத்திற் கல் எடுப்போர் மாநில அரசுக்கு உரிமத்தொகை கொடுக்க வேண்டும். ஆனால் அத்தொகை எவ்வளவு என்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தில்லியே வரையறுக்கிறது. சுண்ணாம்புக்கல் டன்னுக்கு 80 உருபா என்று 2014இல் வரையறுத்தனர். மூன்றாண்டுக்கொருமுறை உயர்த்தலாம் என்று சட்டம் இடம் கொடுத்தும், பத்தாண்டு கழிந்த பின்னும் அது 80ஆகவே நின்றது. அரிசியும் பருப்பும் பைஞ்சுதையும் விலை ஏறின. தமிழன் மண்ணின் கல் மட்டும் விலை ஏறவில்லை.

1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில், நிலவரியின் ஒவ்வோர் உருபாவுக்கும் 45 காசு தீர்வை என்று தமிழ்நாடு வைத்திருந்தது. சுரங்க உரிமத்தொகையும் நிலவரியுள் அடங்கும் என்று பின்னர் விளக்கம் சேர்த்தது. ஊராட்சிக்கு வருவாய் தேடிய தீர்வை அது. நெல்லை மாவட்டத்துத் தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் குத்தகை பெற்றிருந்த இந்தியா சிமெண்ட்சு நிறுவனம் எதிர்த்து வழக்கிட்டது. 1989 அக்டோபர் 25இல் உச்ச நயன்மன்றத்தின் ஏழு நடுவர்கள், உரிமத்தொகையே ஒரு வரி. ஆகவே அதன்மேல் தீர்வை போட மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தனர். இந்தியா முழுதும் சுரங்கமுள்ள மாநிலங்களின் கை கட்டப்பட்டது.

அதன்பின் நடந்தது வியப்பானது. 2004இல் மேற்கு வங்க வழக்கொன்றில் அதே நயன்மன்றத்தின் ஐவர் அமர்வு, அந்தப் பழைய தீர்ப்பில் எழுத்துப்பிழை நேர்ந்துள்ளது என்றது. 'உரிமத்தொகையின் மீதான தீர்வை ஒரு வரி' என்று இருக்க வேண்டியது, 'உரிமத்தொகை ஒரு வரி' என்று பதிவாகிவிட்டது என்பது அதன் விளக்கம். ஆங்கிலத் தொடரில் ஓரிரு சொற்கள் விடுபட்டதாக மன்றமே சொல்லும் தீர்ப்பு, ஊராட்சிகளின் வருவாயைப் பதினைந்து ஆண்டு தடுத்து நின்றது. அதற்குப் பிறகும் குழப்பம் நீங்க இருபது ஆண்டு ஆயிற்று. 2024 சூலை 25ஆம் நாள், தலைமை நடுவர் சந்திரசூட் தலைமையில் ஒன்பது நடுவர் கொண்ட அமர்வு, எண்மர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. உரிமத்தொகை வரியன்று, கனிமம் உள்ள நிலத்திற்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 49ஆம் பதிவின்படி மாநிலத்திற்கே உண்டு என்றது. நடுவர் நாகரத்தினா ஒருவரே மாறுபட்டார். அடுத்த திங்களில், 2005 ஏப்பிரல் 1 முதலான பழைய நிலுவையையும் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில் பெறலாம் என்றும் அம்மன்றம் சொல்லிற்று.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2024இலேயே கனிமம் தாங்கிய நிலங்களுக்கான வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்பிரல் 4 முதல் சுண்ணாம்புக்கல் டன்னுக்கு 160 உருபா என வரி நடைமுறைக்கு வந்தது. தில்லி வரையறுத்த உரிமத்தொகை 80. இம்மண் தானே வரையறுத்த வரி 160. உரிமை கையிலிருந்தால் கல்லின் மதிப்பே எவ்வாறு மாறுகிறது பாருங்கள்!

இதனால் பைஞ்சுதை விலை ஏறி ஏழை வீடு கட்ட முடியாமற் போகும் என்று குரல் எழுந்தது. அந்தக் குரலை எள்ளி ஒதுக்காமல் கணக்கரிடமே கேட்க வேண்டும். ஒரு டன் பைஞ்சுதைக்கு ஒன்றரை டன் கல் என்றே வைத்துக்கொண்டாலும், வரி 240 உருபா. ஒரு டன்னுக்கு இருபது மூட்டை. மூட்டைக்கு 12 உருபா ஆகிறது. அது சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பைஞ்சுதைக்குத் தில்லி மன்றம் எட்டாண்டுகளாக 28 விழுக்காடு வரி வைத்திருந்தது. வரிக்கு முன் 300 உருபா விலையுள்ள மூட்டைக்கு 84 உருபா வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அதை 18 விழுக்காடாகக் குறைத்தபோது 54 உருபா ஆயிற்று. எட்டாண்டு மூட்டைதோறும் மிகுதியாய் வாங்கிய 30 உருபாவைப் பற்றி எழாத குரல், மண்ணின் 12 உருபாவுக்கு மட்டும் எழுவானேன்?

மேலும் ஒன்று. சரக்கு–பணி வரி, பொருள் செய்யப்படும் இடத்திற்கு உரியதன்று. நுகரப்படும் இடத்திற்கு உரியது. அரியலூரிற் செய்த மூட்டை கேரளத்தில் விற்றால் மாநிலப் பங்கு கேரளத்திற்குப் போகும். முன்பு வெளிமாநில விற்பனைக்குச் செய்த மாநிலம் பெற்ற 2 விழுக்காடும் 2017உடன் போயிற்று. பள்ளம் அரியலூரில்; புழுதி அரியலூரில்; சரக்குந்துக்கு அஞ்சிச் சாலையோரம் ஒதுங்கும் பிள்ளைகள் அரியலூரில்; வரி வேறிடத்தில். நில வரி ஒன்றே, செய்யும் மண்ணுக்குச் செய்யும் மண்ணின் பெயரால் வருவது. ஆகவேதான் அந்த உரிமையைக் கண்ணெனக் காக்க வேண்டும்.

பங்கின் கணக்கு

வருமான வரி, குழும வரி, சுங்க வரி ஆகியவற்றைத் தில்லி திரட்டி, நிதிக்குழு சொல்லும் பங்கை மாநிலங்களுக்குத் தருகிறது. 1990களின் தொடக்கத்தில் ஒன்பதாம் நிதிக்குழு தமிழ்நாட்டிற்கு வகுத்த பங்கு 7.931 விழுக்காடு. 2021 முதல் 2026 வரைக்குப் பதினைந்தாம் நிதிக்குழு வகுத்தது 4.079 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கட்டொகையில் தமிழ்நாட்டவர் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துக என்ற அறிவுரையைக் கேட்டு நடந்ததற்கும், உழைத்து வருவாய் பெருக்கியதற்கும் கிடைத்த பரிசு இது. போதாக்குறைக்கு, மேல்வரி, கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் தில்லி பெறும் தொகையில் மாநிலங்களுக்குப் பங்கே இல்லை.

வறிய மாநிலத்து உழவனுக்குத் தமிழன் பொருள் உதவக்கூடாது என்பதன்று இதன் பொருள். பீகாரத்து உழவனும் உரிமை இழந்தவனே. கொடுப்பவனைக் கேளாமல், கொடுப்பவனுக்குச் சொல்லாமல், கொடுப்பவன் மொழியையும் மதியாமல் எடுப்பதற்கு உதவி என்று பெயரில்லை. 1969இல் அமைந்த இராசமன்னார் குழு, குழும வரியிலும் மேல்வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கு வேண்டும் என்று 1971இலேயே எழுதிக் கொடுத்தது. 1974இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. அரை நூற்றாண்டு கழித்து, 2025 ஏப்பிரலில், குரியன் சோசப்பு தலைமையில் மறுபடியும் ஒரு குழு அமைக்க வேண்டியதாயிற்று. குழுக்கள் மாறின, கோரிக்கை மாறவில்லை.

செய்ய வேண்டுவன

கேட்டுக் கலைவதற்காக அன்று இப்பேச்சு. செய்ய வேண்டுவன நான்கு.

முதலாவது, தமிழ்நாட்டில் தமிழர்க்கு அனுப்பப்படும் ஒவ்வொரு வரி அறிவிக்கையும் தமிழில் வர வேண்டும். தமிழில் எழுதிய விடை அதே மதிப்போடு ஏற்கப்பட வேண்டும். மாநில வணிகவரித் துறை தமிழ்நாட்டரசின் துறை. அதற்குத் தில்லியைக் காத்திருக்க வேண்டா. இங்குள்ள அரசு, எந்தக் கட்சியின் அரசாயினும், தன் அலுவலகத்தில் தன் மொழியை முதலில் அமர்த்தட்டும்.

இரண்டாவது, கனிம நில வரியின் ஒரு பங்கு, கல் எடுக்கப்படும் ஊராட்சிக்கே சட்டப்படி சேர வேண்டும். 1989இல் பறிபோனது ஊராட்சிச் சட்டத்தின் தீர்வை என்பதை மறந்துவிடக் கூடாது. எவ்வளவு கல் எடுக்கப்பட்டது, எவ்வளவு வரி வந்தது, எவ்வளவு ஊருக்குச் செலவாயிற்று என்பன ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும். கோவிற் சுவரில் கணக்கு வெட்டிய இனத்திற்கு இது பெரிய வேலையன்று. பழைய குத்தகைகளின் உரிமத்தொகையில் 30 விழுக்காடு பெறும் மாவட்டக் கனிம அறக்கட்டளையின் செலவுக் கணக்கையும் ஊர்மன்றத்தில் எழுந்து கேட்க வேண்டும்.

மூன்றாவது, வரி விதிக்கும் உரிமையை மீட்பது. ஒற்றை வரி என்னும் பெயரால் ஒற்றை ஆட்சி அமைவதைத் தமிழ்நாட்டில் எக்கட்சியும் ஏற்கக் கூடாது. ஏற்ற கட்சி எதுவாயினும் அதை வாக்குக் கேட்டு வரும் நாளில் வினவ வேண்டும்.

நான்காவது, தமிழ் வணிகர் செய்ய வேண்டுவது. பற்றுச்சீட்டில் மக்காச்சோளத்தை மக்காச்சோளம் என்றும் வெங்காயத்தை வெங்காயம் என்றும் தமிழில் அச்சிட எவன் இசைவும் வேண்டியதில்லை. தன் கடையில் தன் மொழியை வைக்காதவன், தில்லியின் தளத்தில் அது இல்லையே என்று வருந்துவதற்கு உரிமை குறைந்தவன் ஆகிறான். கணக்கர்களும் தாம் எழுதித் தரும் கணக்கின் சுருக்கத்தை வணிகர்க்குத் தமிழில் ஒரு தாளிலாவது கொடுக்கட்டும். இவ்வளவு விற்றீர், இவ்வளவு வரி, இதில் தில்லிக்கு இவ்வளவு, தமிழ்நாட்டிற்கு இவ்வளவு என்ற நான்கு வரி போதும். ஓராண்டு அத்தாளைப் படித்த வணிகர், மறு ஆண்டில் வேறு வினாக்களைக் கேட்கத் தொடங்குவார்.

1429இல் இந்த மண்ணின் எளிய மக்கள், தமக்குள் இருந்த பகையை ஒதுக்கி வைத்து, வரி இவ்வளவு என்று கல்லில் எழுதினர். அவர்க்குப் பள்ளியும் இல்லை, செய்தித்தாளும் இல்லை, வாக்கும் இல்லை. இவை அனைத்தும் பெற்ற இன்றைய தமிழர், கட்டும் வரியின் பெயரையேனும் தம் மொழியில் அறிந்து, அது போகும் வழியையேனும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வர வேண்டும். கணக்குக் கேட்கும் இனத்தை எவனும் நெடுநாள் ஆண்டுவிட முடியாது.

கேட்போம் என்று உறுதி கொள்ளுங்கள். வெல்க தமிழ்!